நாலு பேர் படித்தார்கள், நாலு விதமாகச் சொன்னார்கள்

கேள்வி: ஒரு மாயாஜால சாகச நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜமக்காளத் தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, காணாமல் போன தம்பியைத் தேடிப் பர்கூர் மலைக்குள் போகிறாள். அங்கே வேறோர் உலகம் இருக்கிறது. தம்பி காணாமல் போவது 41ஆம் பக்கத்தில். முதல் அறுபது பக்கத்தை நாலு பேரிடம் கொடுத்தேன். தோழி, “எத்தனை பேருங்க, யாரு யாருன்னே தெரியல” என்றாள். கூட வேலை செய்கிற அக்கா, “மலையேறினப்புறம்தான் கதையே ஆரம்பிக்குது” என்றார். சித்தப்பா, “இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம், உருப்படியா ஏதாச்சும் எழுது” என்றார். பன்னிரண்டு வயது அக்கா மகன் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு, “அந்தக் கரடி திரும்பி வருமா?” என்று கேட்டான். முதல் மூன்று அத்தியாயத்தையும் தூக்கிப் போட்டுவிடட்டுமா?
– ஒரு வாசகி, பவானி

பதில்: வேண்டாம் அம்மணி, எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

சித்தப்பாவின் கருத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அவர் சொன்னது இந்த வகைக் கதையைப் பற்றி. உங்கள் பக்கங்களைப் பற்றி அல்ல. நீங்கள் எப்படித் திருத்தினாலும் அது மாறாது. பெரியவருக்குரிய மரியாதை அவருக்கு உண்டு, ஆனால் இந்தப் புத்தகத்துக்கு அவர் வாசகர் இல்லை.

அக்கா மகன்தான் வாசகன். 1936இல் ஆங்கில எழுத்தாளர் டோல்கியனின் ‘ஹாபிட்’ என்ற மாயாஜால நாவலின் கைப்பிரதி வந்தபோது, லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அதைத் தன் பத்து வயது மகன் ரேய்னரிடம் படிக்கக் கொடுத்தார். சிறுவர் புத்தகத்தை எடைபோடச் சிறுவர்களே சரியான ஆள் என்று நம்பியவர் அவர். பையன் எழுதித் தந்த சின்ன அறிக்கைக்கு ஒரு ஷில்லிங் கூலி. நல்ல கதை, ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதியிருந்தான். மறு வருடம் புத்தகம் வந்தது. எந்த வயதுக்கு என்ற அவன் கணிப்பைப் புத்தகம் தாண்டிப் போய்விட்டது, பெரியவர்களும் படித்தார்கள். ஆனால் கதை நல்ல கதை என்று அவனுக்குப் பட்டதே, அது சரிதான். முதல் வாசகர் சொல்லும் தீர்ப்பைவிட, அவருக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப் பார்த்தால் தோழியும் அந்த அக்காவும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். நம் கொங்குப் பக்கத்தில் பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். பொன்னரும் சங்கரும் பிறப்பதற்கு முன்பே தாத்தா கதை, அப்பா குன்னுடையாக் கவுண்டர் கதை, அம்மா தாமரையின் தவம் எல்லாம் வந்தாக வேண்டும். அவர்கள் வேட்டையாடும் கொம்பன் என்ற காட்டுப் பன்றி வருவது எவ்வளவோ தள்ளி. பெயர்களுக்கும் பஞ்சமில்லை. இருந்தும் சனம் உட்கார்ந்து கேட்கிறது. பங்காளிகள் செய்யும் கொடுமையும் பிள்ளையில்லாத குறையும் ஆரம்பத்திலேயே மனசைப் பிடித்துக்கொள்கின்றன. இது என்றைக்குத் தீரும் என்று எல்லாருக்கும் தவிப்பு.

உங்கள் கதையில் அந்தத் தவிப்பு 41ஆம் பக்கம் வரை இல்லை. தம்பி மூன்றாம் பக்கத்திலேயே காணாமல் போகட்டும். அதன்பிறகு வருகிற ஒவ்வொருவரும் தேடலோடு ஒட்டிக்கொள்வார்கள்: அவனைக் கடைசியாகப் பார்த்தவர், பார்த்தும் பொய் சொல்பவர், தேடப் போகாதே என்று தடுப்பவர். பெயர்கள் தானாக மனசில் நிற்கும். தறி, வீடு, ஆற்றங்கரை என்று நீங்கள் ஆசையாக எழுதியதெல்லாம் அப்படியே இருக்கலாம். தம்பி இல்லாத வீடாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று. “எப்படி இருக்குங்க?” என்று கேட்டால் நம் ஊரில் “நல்லாருக்குங்க” என்றுதான் பதில் வரும், மனசு நோகக் கூடாது என்று. எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள், எங்கே திருப்பிப் படித்தீர்கள் என்று கேளுங்கள். மறுநாள் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் மறந்து விட்டுவிட்ட ஆட்களும் இடங்களும்தான் உங்கள் வேலை பாக்கியிருக்கும் இடம்.

ஒருவர் ஒரு முறைதான் முதல் வாசகராக இருக்க முடியும். ஆகவே திருத்திய பக்கங்களை அந்த நாலு பேரிடம் மறுபடி கொடுக்காதீர்கள், புது ஆட்களைத் தேடுங்கள். பவானி நூலகத்திலோ ஈரோடு புத்தகத் திருவிழாவிலோ இந்த வகைக் கதைகளை விரும்பிப் படிக்கிற பிள்ளைகள் கண்ணில் படுவார்கள். ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

அக்கா மகனுக்கு மட்டும் 61ஆம் பக்கத்திலிருந்து எழுத எழுதக் கொடுங்கள். கரடி திரும்பி வருமா என்று மறுபடி கேட்பான். சொல்லிவிடாதீர்கள்.