பழைய மண்சட்டியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைத்தால் கொசு வருமா?

விளிம்பு உடைந்த மண்சட்டியில் குருவிகளுக்குத் தண்ணீர் வைக்கலாமா, கொசு வராதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வையுங்கள். மாடி வெயிலில் எவர்சில்வர் தட்டு கொதித்துவிடும். மண்சட்டியில் நீர் கசிந்து ஆவியாவதால் குளிர்ச்சி இருக்கும். ஆழம் 2 அங்குலத்துக்குள் போதும். நடுவில் ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டால் தேனீக்களும் மூழ்காமல் குடிக்கும்.

கொசு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சட்டியின் உட்சுவரில் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் தினமும் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. வாரம் இருமுறை தேங்காய் நாரால் உட்புறத்தை அழுத்தித் தேயுங்கள். சோப்பு வேண்டாம். அப்புறம், எச்சம் கலந்த பழைய தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றலாம். கீரைப் பாத்திக்கு மட்டும் வேண்டாம்.