நாற்பது தாண்டிப் படக்கதை வாசித்தால் பழைய சுவை இருக்குமா?

கேள்வி: சின்ன வயதில் வாசித்த சாகச, நகைச்சுவை காமிக்ஸ்களை நாற்பது வயதுக்கு மேல் மறுபடி வாசித்தவர்கள் இருக்கிறீர்களா? அதே சுவை இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால், வீட்டில் யாரோ "இந்த வயசில என்ன படக்கதை" என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் சொன்னார்கள். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் இரும்புக்கை மாயாவி. தமிழ் காமிக்ஸ் வெளியீடான முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியதே அவரோடுதான். எனக்கு அந்தப் புத்தகங்கள் பழையதாகி, அட்டை போன பிறகுதான் கிடைத்தன. நாங்கள் இருந்தது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில். மின்சாரம் இல்லை, குப்பி விளக்குத்தான். உடம்பில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரிகிற கதையை அந்த வெளிச்சத்தில் வாசிக்கும்போது இருந்த நடுக்கம் இப்போது வரவில்லை. கதை அடுத்து எங்கே போகும் என்று முன்பே தெரிந்துவிடுகிறது. ஆனால் ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்த நிழலும் வெளிச்சமும் இன்றைக்கும் அசத்துகிறது. மாயாவி ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், நானும் உங்களில் ஒருவன்தான்.

டின்டின் என்ற இளம் நிருபனின் கதைகள் அப்படி இல்லை. திபெத்துக்குப் போகும் கதையில் வில்லனே கிடையாது. விமான விபத்தில் இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பும் நண்பனைத் தேடி ஒருவன் பனிமலை ஏறுகிறான், அவ்வளவுதான். சின்ன வயதில் எனக்கு அது சப்பென்று இருந்தது. நம் பகுதியில் காணாமல் போனவர்களைத் தேடி அலைந்த குடும்பங்களைப் பார்த்து வளர்ந்த பிறகு, அதை லேசாகப் புரட்ட முடியவில்லை.

நான் சொல்ல வந்தது லக்கி லூக் பற்றி. மோரிஸ் 1946இல் உருவாக்கிய கௌபாய். 1955இலிருந்து 1977இல் இறக்கும்வரை அதற்குக் கதை எழுதியவர் கோசினி, ஆஸ்டெரிக்ஸை எழுதிய அதே ஆள். சாகசக் கதை தெரிந்த கதையானதும் பாதி போய்விடுகிறது. நகைச்சுவை அப்படிப் போவதில்லை. எதைக் கிண்டல் செய்கிறார்கள் என்பது நாம் வாழ்ந்து பார்த்த பிறகுதான் முழுசாகப் பிடிபடுகிறது.

புல்வெளியில் முள்கம்பி வேலி போடுவதைப் பற்றி 1967இல் ஒரு ஆல்பம் வந்தது. கொழும்பு நண்பர் ஒருவர் அதன் ஆங்கிலப் பதிப்பைத் தந்தார். காஸ் கேசி என்ற பெரிய மாட்டுப் பண்ணைக்காரன் தன் மந்தையைப் பயிர்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போகிறான். பயிர் செய்பவர்கள் முள்கம்பி வேலி போடுகிறார்கள். லக்கி லூக் அவர்கள் பக்கம் நிற்கிறான்.

என் மாமா, அம்மாவின் தம்பி, மாட்டுப் பட்டி வைத்திருப்பவர். ஆங்கிலம் தெரியாது. ஒருநாள் திண்ணையில் இருந்து நான் படத்தைக் காட்டிக் காட்டிக் கதை சொன்னேன். முதல் சில பக்கங்களுக்குச் சிரித்தார். காஸ் கேசி சாப்பிடுவதைக் கண்டதும் எங்கள் ஊர்ப் போடியார் (பெரிய நிலக்காரர்) ஒருவரின் பெயரைச் சொல்லி இன்னும் பலமாகச் சிரித்தார். வேலி வந்த பக்கத்தில் கையை வைத்து நிறுத்திவிட்டார். "மருமகன், வேலியப் போட்டுட்டான், சரி. மறுகா அந்த மாடெல்லாம் எங்க போற? அதுக்கு உன்ட ஆள் பதில் சொன்னானா?"

எனக்குப் பதில் வரவில்லை. பெரும்போக நெற்செய்கை தொடங்கும்போது வட்டையை (வயல்வெளியை) விட்டு மாடுகளை எந்தத் திகதிக்கு முன் அப்புறப்படுத்த வேண்டும் என்று கூட்டம் வைத்துத் தீர்மானிக்கிற ஊர் எங்களுடையது. கட்டாமல் திரிந்த கட்டாக்காலி மாட்டுக்காகச் சொந்தக்காரரே முகம் பார்க்காமல் போனதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் புத்தகத்தை அவ்வளவு கவனமாக வாசித்த இன்னொருவரை எனக்குத் தெரியாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சிலர் சொல்வார்கள், இருந்தும் சொல்கிறேன். எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்து மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தெருவோரம் உட்கார்ந்தார்கள். பால் தரும் மாடு வேண்டும், அது மேய இடம் மட்டும் கொடுக்க மாட்டோம் என்றால் என்ன நியாயம்? மாமா கேட்டதும் அதுதான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். செவ்விந்தியரையும் சீனச் சலவைக்காரரையும் லக்கி லூக் கதைகளில் வரைந்திருக்கும் விதம் சரியில்லை என்று யாராவது எழுதுவார்கள். உண்மைதான், எனக்கும் உறுத்துகிறது. பிள்ளைகளோடு வாசிக்கும்போது அந்த இடத்தில் நிறுத்திப் பேசுகிறேன். லக்கி லூக் புகைப்பதைப் பற்றிக் குறை சொல்பவர்களுக்கு: 1983இலேயே மோரிஸ் சிகரெட்டை எடுத்துவிட்டு வாயில் புல் ஒன்றை வைத்துவிட்டார். உலக சுகாதார நிறுவனம் 1988இல் அதற்காக அவரைக் கௌரவித்தது.

இது இலக்கியமா என்று கேட்பவர்கள் மோரிஸின் நிறங்களை ஒருமுறை பார்க்கட்டும். ஒரு கூட்டம் முழுவதையும் ஒரே நீலத்தில் அல்லது சிவப்பில் நிரப்பிவிடுவார். நாம் பார்க்க வேண்டிய ஆள் மட்டும் தனியாகத் தெரிவான். கார்ட்டூன் படத் தொழிலில் தொடங்கியவரின் கண் அது.

நீங்கள் மறுபடி தொடங்குவதென்றால் லக்கி லூக் துரத்தும் கொள்ளைக்காரர்களான டால்டன் சகோதரர்கள் வரும் ஒன்றை எடுங்கள். குள்ளமான ஜோவின் கோபத்துக்கும், ஆள் நெடுக்க வளர்ந்தும் எப்போதும் சாப்பாட்டை நினைக்கிற அவரெலுக்கும் நடுவில் நான்கு பேரும் உயர வரிசையில் நிற்பதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். மாயாவியை அதற்குப் பிறகு எடுங்கள். கதைக்காக இல்லை, படத்துக்காக.