மூத்த ஊழியரிடம் குறையை எப்படிச் சொல்வது?

கேள்வி: நிலாவெளியில் ஒரு கடற்கரை விடுதியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வரவேற்பில் வேலை செய்யும் அண்ணன் என்னைவிட மிகவும் மூத்தவர். அடிக்கடி பிந்தி வருகிறார். அவரிடம் எப்படிக் கதைப்பது?

பதில்: செப்டம்பரில் சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பொறுத்துப் பொறுத்துப் போனால் ஒருநாள் விருந்தினர் முன்னாலேயே வெடித்துவிடுவீர்கள். இரவு வேலை முடித்தவரும் வீட்டுக்குப் போக முடியாமல் நிற்கிறார், அவரையும் நினையுங்கள்.

பலர் சறுக்குவது தொடக்கத்தில்தான். வீட்டுச் சுகம், பிள்ளைகளின் படிப்பு என்று சுற்றி வளைப்பார்கள். கூப்பிட்டபோதே ஏதோ இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். இழுக்க இழுக்கப் பதற்றம்தான் கூடும். தனியாக ஓரிடத்தில் உட்கார வைத்து, நேரே சொல்லுங்கள்: “அண்ணன், போன திங்களும் வியாழனும் ஆறு மணி வேலைக்கு ஆறே முக்காலுக்கு வந்தீங்க. இரவு நின்ற தம்பி போக முடியாமல் நின்றவன். என்ன நடந்தது?”

அப்புறம் பேசாமல் இருங்கள். அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் அவர் வாய் திறப்பது அதில்தான். “எப்பவும் இப்படித்தான்” என்று மட்டும் சொல்லாதீர்கள். நேரத்துக்கு வந்த நாட்களை அவர் எண்ணிக்காட்டுவார், விஷயம் திசைமாறிவிடும்.

வயதுக்குரிய மரியாதை உங்கள் குரலில் இருக்கட்டும். அதற்காகக் குறையை மழுப்ப வேண்டாம்.

காரணத்தைக் கேட்ட பிறகே முடிவெடுங்கள். மூதூரிலிருந்து வருபவர் என்றால் கிண்ணியா தாண்டித் திருகோணமலைப் பட்டினம் வந்து, அங்கே நிலாவெளி பஸ் பிடிக்க வேண்டும். அவரைக் கண்டித்துப் பயனில்லை, வேலை நேரத்தை மாற்றிப் பாருங்கள். வெறும் அசட்டை என்றால், எந்த நாளிலிருந்து திருந்த வேண்டும் என்று சொல்லி, இரண்டு கிழமையில் திரும்ப இருந்து கதையுங்கள். கதைத்ததை அன்றே திகதியோடு எழுதி வையுங்கள்.

அதற்கும் மாறாவிட்டால் எச்சரிக்கைக் கடிதம். கோபத்தில் “நாளைக்கு வர வேண்டாம்” என்று சொல்லிவிடாதீர்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கு 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டம் பொருந்தும். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினாலும், நிறுத்திய நாளுக்குப் பிறகு வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டம் வந்தால் முதலாளியிடம் சொல்லி, தொழில் திணைக்களத்தில் விசாரித்த பிறகே வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தில் கை வையுங்கள்.