கொசோவோ: ஐந்து நாடுகள் ஏன் இன்னும் தலையாட்டவில்லை? கேள்வி பதில்

கேள்வி: செர்பியாவின் பகுதியாக இருந்த கொசோவோ 2008 பிப்ரவரி 17இல் தன்னைத் தனிநாடு என்று அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஸ்பெயின், ஸ்லோவாக்கியா, ருமேனியா, கிரீஸ், சைப்ரஸ் மட்டும் இன்னும் ஏற்கவில்லை. சட்டச் சிக்கலா?

பதில்: பெரும்பாலும் சாக்கு. அந்தப் பிரகடனம் சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2010இல் கருத்துச் சொல்லிவிட்டது. (ஏற்றே தீர வேண்டும் என்று சொல்லவில்லை.) அங்கீகாரத்துக்குப் பொதுவாக அமைச்சரவை முடிவும் ஒரு கடிதமும் போதும். கையெழுத்துப் போட்டால் உள்ளூரில் எத்தனை ஓட்டு போகும் என்பதுதான் கணக்கு.

கேள்வி: ஸ்பெயினில் யாருக்குப் பயம்?

பதில்: தேதியைப் பாருங்கள். பிரகடனம் வந்து மூன்றே வாரத்தில், மார்ச் 9இல், அங்கே பொதுத் தேர்தல். ஏற்றிருந்தால் 'நாட்டைத் துண்டாடத் துணைபோகிறார்கள்' என்று அப்போது ஆண்ட சோஷலிஸ்டுகளை எதிர்க்கட்சியான மக்கள் கட்சி வறுத்தெடுத்திருக்கும். ஸ்பெயினிலிருந்து பிரிய கட்டலோனியா மாநிலம் 2017இல் நடத்திய வாக்கெடுப்புக்குப் பின் இறுக்கம் கூடியது. 2018 மே மாதம் பல்கேரியாவின் சோஃபியாவில் நடந்த ஐரோப்பிய ஒன்றிய மாநாட்டு அமர்வில், கொசோவோ இருக்கிறது என்று அப்போதைய ஸ்பெயின் பிரதமர் ரஹோய் உட்காரவில்லை. அவருக்குப் பின் வந்த சோஷலிஸ்ட் பிரதமர் சாஞ்செஸ் பாடு இன்னும் வேடிக்கை. 2023இல் அவர் மீண்டும் பிரதமரானதே கட்டலோனியக் கட்சிகளின் ஓட்டில். இன்று ஏற்றால் 'கூட்டாளிகளுக்குக் கட்டிய கப்பம்' என்பார்கள். அதனால்தான் சத்தமில்லாமல் 2024 ஜனவரியில் பாஸ்போர்ட்டை மட்டும் ஏற்றார்கள்.

கேள்வி: ஸ்லோவாக்கியா?

பதில்: தெற்கில் வாழும் ஹங்கேரியர்கள் நாளை தன்னாட்சி கேட்பார்கள் என்ற பேச்சு அங்கே தேசியவாதக் கட்சிகளுக்கு நல்ல தீனி. முழுச் சுதந்திரம் வட்டார நிலைத்தன்மைக்கு நல்லதல்ல என்று நாடாளுமன்றம் 2007 மார்ச்சிலேயே தீர்மானம் போட்டுவிட்டது. பின்வாங்குகிற அரசு அந்தக் காகிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: இந்தியாவும் ஏற்கவில்லையே, அதுவும் கட்சி அரசியலா?

பதில்: இல்லை. காங்கிரஸ் ஆட்சி, பாஜக ஆட்சி, இரண்டிலும் ஒரே நிலைப்பாடு.

கேள்வி: ஐந்து பேர் ஏற்காமல் ஒன்றியம் கொசோவோவோடு உறுப்பினராவதற்கு முன்படியான இணைப்பு ஒப்பந்தம் போட்டது எப்படி?

பதில்: இத்தகைய ஒப்பந்தத்தை வழக்கமாக ஒவ்வொரு உறுப்பு நாட்டின் நாடாளுமன்றமும் ஏற்புறுதி செய்ய வேண்டும். இதில் ஒன்றியம் மட்டும் கையெழுத்திட்டது. 2016 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. உறுப்பினராகும்போது இந்தக் குறுக்குவழி செல்லாது, எல்லா நாடுகளின் சம்மதமும் கட்டாயம்.

கேள்வி: கொசோவோ பக்கம் தப்பே இல்லையா?

பதில்: ஏன் இல்லை! மாண்டினீக்ரோவுடன் எல்லை ஒப்பந்தம் 2015இல் கையெழுத்தானது. 120 பேர் அவையில் 80 ஓட்டு தேவை. எதிர்க்கட்சியான வெட்டெவெண்டோசியே அவைக்குள்ளேயே கண்ணீர்ப்புகை வீசியது. 2018 மார்ச்சில்தான் நிறைவேறியது. கொசோவோ மக்கள் விசா இல்லாமல் ஐரோப்பா போகும் விலக்குக்கு அதுவும் ஒரு நிபந்தனை. அது கிடைக்க 2024 ஜனவரி ஆனது.