எந்த இடத்தில் அழுதீர்கள்?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' என்ற ஜப்பானியப் படத்தைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்திலிருந்த கணவர், "பொம்மைப் படத்துக்கா இந்த அழுகை?" என்று சிரித்துவிட்டார். நான் அவ்வளவு பலவீனமான ஆளா? (கோவில்பட்டி வாசகி)

பதில்: அவர் படத்தை முழுசாகப் பார்த்தாரா, செல்போனை நோண்டிக்கொண்டே பார்த்தாரா என்று முதலில் விசாரியுங்கள்.

போரில் தாயை இழந்த ஓர் அண்ணன் தங்கையின் கதையான இந்தப் படத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1945 செப்டம்பர் 21-ஆம் தேதி ராத்திரி நான் செத்துப்போனேன் என்று ஆரம்பத்திலேயே அண்ணன்காரன் சொல்லிவிடுகிறான். ரயில்வே ஸ்டேஷனில் கிடக்கும் அவனிடமிருந்து ஒரு தகர மிட்டாய் டப்பாவை எடுத்து, ஊழியர் ஒருவர் வெளியே புல்லில் வீசுகிறார். மூடி கழன்று, தங்கச்சியின் எலும்புத் துண்டுகள் சிதறுகின்றன. ஆக, பிள்ளைகள் பிழைப்பார்களா என்ற பதைப்பே நமக்குக் கிடையாது, முடிவைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறார் இயக்குநர் இசாவோ தகாஹாதா. அப்புறமும் ஏன் அழுகை வருகிறது? அந்த டப்பா திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் அதில் கலர் கலராக மிட்டாய் இருக்கிறது. தீர்ந்ததும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒட்டியிருக்கும் ருசியைக் குடிக்கிறார்கள். டப்பா எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும், அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இதைக் கற்பனை என்றும் ஒதுக்கிவிட முடியாது. மூலக்கதையை 1967-இல் எழுதிய அகியுகி நொசாகா, போர்க்காலப் பசியில் தன் குட்டித் தங்கையைப் பறிகொடுத்தவர். கதையில் வரும் அண்ணனைப் போல நான் அவளைப் பார்த்துக்கொள்ளவில்லையே என்ற குற்றவுணர்ச்சியில்தான் எழுதினார். தகாஹாதாவும் ஒன்பது வயதில் ஒகயாமா நகரக் குண்டுவீச்சில் தப்பி ஓடியவர். 1988-இல் இதை 'மை நெய்பர் டோட்டோரோ' என்ற குதூகலமான படத்தோடு சேர்த்து ஒரே காட்சியாக வெளியிட்டார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போன ஜப்பானியப் பெற்றோர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாக இருக்கிறது.

அழுகைக்கு நான்கு காரணங்களைத் தொல்காப்பியர் அடுக்குகிறார்: "இளிவே இழவே அசைவே வறுமை." பிறர் இழிவாக நடத்துவது, பறிகொடுப்பது, இருந்த நிலையிலிருந்து சரிவது, இல்லாமை. இந்தப் படத்தில் நாலும் உண்டு. அம்மாவின் கிமோனோவை அரிசிக்கு மாற்றிவிட்டு, சொந்தப் பெண்ணுக்குச் சோறும் இவர்களுக்குக் கஞ்சியும் கொடுக்கும் அந்த அத்தை வீட்டுக் காட்சி ஒன்றே இளிவுக்குப் போதும். பொம்மைப் படமாக இருந்தால் என்ன, நடிகர் படமாக இருந்தால் என்ன.

பலவீனமா என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் அழுதீர்கள் என்று உங்களையே கேட்டுப்பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. எனக்கு அது சாவுக் காட்சி இல்லை. பசி மயக்கத்தில் கிடக்கும் நாலு வயசுப் பிள்ளை மண்ணைச் சோற்று உருண்டையாகப் பிடித்து வைத்துக்கொண்டு, அண்ணனைச் சாப்பிடச் சொல்லி நீட்டுவாள் பாருங்கள், அந்த இடம்.

கேள்வி: தாத்தா செத்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அப்பா, டிவியில் பழைய பாட்டு போட்டால் கண்ணைத் துடைக்கிறார். நடிப்பா? (தேனி வாசகர்)

பதில்: சாவு வீட்டில் மூத்த பிள்ளைக்கு அழ எங்கே நேரம்? ஐஸ் பெட்டிக்குச் சொல்லணும், பந்தல்காரனுக்கு அட்வான்ஸ் கொடுக்கணும், வெளியூர்க்காரர்கள் வரும்வரை எடுக்கக் கூடாது என்று ஒரு சித்தப்பா நிற்பார், நேரமாச்சு என்று இன்னொருவர் நிற்பார். அன்றைக்கு அழ வேண்டியதை உங்கள் அப்பா இப்போது தவணையில் அழுகிறார். விடுங்கள்.

கேள்வி: எலும்பும் தோலுமான குழந்தை, பின்னால் ஒரு கழுகு. அந்த ஃபோட்டோ வாட்ஸ்ஆப்பில் வந்தது. "படம் எடுத்தவர் குழந்தையைச் சாக விட்டுவிட்டுப் போனார், குற்றவுணர்ச்சியில் தற்கொலை செய்துகொண்டார்" என்று கீழே எழுதியிருந்தது. இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை. உண்மையா? (ஓசூர் வாசகர்)

பதில்: ஃபோட்டோ உண்மை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் கதையில் பாதி சரக்கு கலப்படம்.

எடுத்தவர் தென்னாப்பிரிக்கரான கெவின் கார்ட்டர். இடம் அப்போதைய சூடானில் அயோட் கிராமம், 1993 மார்ச். பஞ்ச காலத்தில் அங்கே ஐ.நா. உணவு முகாம் நடந்துகொண்டிருந்தது. அந்த மாதம் 26-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் படம் வந்ததும், குழந்தை என்ன ஆயிற்று என்று வாசகர்கள் துளைத்தெடுத்துவிட்டார்கள். கழுகை விரட்டியபின் குழந்தை தெம்பு வந்து முகாமை நோக்கி நகர்ந்தது, போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது என்று பத்திரிகையே ஒரு குறிப்பு வெளியிட்டது. 2011-இல் எல் முண்டோ என்ற ஸ்பெயின் பத்திரிகைக்காரர்கள் அயோட் வரைக்கும் போய் விசாரித்தார்கள். அது பெண் குழந்தை என்றுதான் அதுவரை எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆண் பிள்ளை, பஞ்சத்தில் சாகவில்லை, வளர்ந்து பெரியவனாகிப் பல வருஷம் கழித்துக் காய்ச்சலில் இறந்தான் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

படம் இன்னும் உங்கள் போனில் இருந்தால் குழந்தையின் வலது மணிக்கட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். உணவு முகாமில் பதிவு செய்துகொண்ட குழந்தைகளுக்குக் கட்டிவிடும் பிளாஸ்டிக் பட்டை அது. அந்தப் பிள்ளையைக் கவனிக்க ஆள் இருந்தது, சட்டகத்துக்கு வெளியே. நாம் எல்லாரும் கழுகையே பார்த்துக்கொண்டிருந்ததில் மணிக்கட்டு கண்ணில் படவில்லை.

கார்ட்டரைப் புனிதராக்கவும் வேண்டாம். கழுகு சிறகை விரித்தால் படம் இன்னும் நன்றாக வரும் என்று அவர் காத்திருந்ததாகவும் எழுதியிருக்கிறார்கள், எனக்கு அது இன்றுவரை நெருடல்தான். ஆனால் அவருடைய சாவுக்கு இந்த ஒரு குழந்தைதான் காரணம் என்பது அபத்தம். தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் ஆட்சியின் கடைசி வருஷங்களில் ஊர் ஊராகக் கொலைகளைப் படம் பிடித்தவர் அவர். 1994 ஏப்ரலில் இந்தப் படத்துக்குப் புலிட்சர் என்ற அமெரிக்கப் பத்திரிகைப் பரிசு அறிவிக்கப்பட்டு ஒரு வாரம் ஆவதற்குள், நெருங்கிய நண்பரும் சக புகைப்படக்காரருமான கென் ஊஸ்டர்புரூக் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். ஜூலையில், 33 வயதில், கார்ட்டரும் போய்விட்டார். விட்டுச்சென்ற கடிதத்தில் கடன் இருந்தது, கண்ணால் பார்த்த கொலைகள் இருந்தன, நண்பனும் இருந்தார். ஃபார்வர்டு எழுதுகிறவருக்கு இத்தனையும் தேவையில்லை, நம்மைச் சாப்பிட விடாமல் செய்தால் போதும்.

கேள்வி: அம்மா இருபது வயதில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். எனக்கு அதைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கிறது. ஆனால் ஒருத்தர்கூட "சூப்பர்" என்பதைத் தாண்டி ஒன்றும் எழுதவில்லை. (கும்பகோணம் வாசகி)

பதில்: அவர்களைக் குறை சொல்லாதீர்கள், அவர்கள் பார்த்தது யாரோ ஒரு பெண்ணை. ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், 1977-இல் அம்மா இறந்தபின் பழைய படங்களைப் புரட்டியபோது, ஐந்து வயதுச் சிறுமியாக அவள் நிற்கும் ஒரு படத்தில் தன் அம்மாவைக் கண்டுபிடித்தார். 1980-இல் புகைப்படங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அந்தப் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார், மற்ற பல படங்களை அச்சிட்டும் இருக்கிறார். ஆனால் அந்த ஒரு படத்தை மட்டும் போடவில்லை. எனக்கு அது அம்மா, உங்களுக்கு ஆயிரத்தில் ஒரு படம் என்று காரணமும் சொல்லிவிட்டார். இந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீங்களும் அடுத்த முறை படத்தோடு நாலு வரி எழுதுங்கள்: அந்தத் தோடு யாருடையது, ஸ்டுடியோவுக்கு யார் கூட்டிப்போனார்கள், ஏன் கோபமாக நிற்கிறாள் என்று.

கேள்வி: வங்காளி ஒரு வார்த்தை தெரியாது. 'பதேர் பாஞ்சாலி'யில் அப்பா ஊர் திரும்பும் காட்சியில் வசனம் நின்று வெறும் வாத்தியம் வந்ததும் உடைந்துபோனேன். பாட்டில்லாத இசைக்கு எப்படி இந்தச் சக்தி? (புதுச்சேரி வாசகர்)

பதில்: நீங்கள் இடத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டதால் வேலை சுலபம். மகள் துர்கா செத்தது தெரியாமல் அப்பா ஹரிஹர் வீட்டுக்கு வாங்கிவந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார், மனைவி வாயே திறக்கவில்லை. கடைசியில் துர்காவுக்கு வாங்கிய சேலை. அதை அவள் வாயில் அழுத்திக்கொண்டு சரிகிறாள், ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் சத்யஜித் ராய் அழுகையை எடுத்துவிட்டுத் தார் ஷெனாயை வைத்தார். பேரைக் கேட்டு நாதஸ்வர வகை என்று நினைத்துவிடாதீர்கள், அது வில் போட்டு வாசிக்கும் தந்தி வாத்தியம், ஒலியைப் பெருக்க ஒரு உலோகக் குழல் பொருத்தியிருக்கும். அதனால்தான் பாதி மனுஷக் குரல் மாதிரியும் பாதி வேறென்னவோ மாதிரியும் கேட்கிறது. மனைவியாக நடித்த கருணா பானர்ஜியின் முகம் அழுகிறது, சத்தம் வேறெங்கிருந்தோ வருகிறது. இசை ரவிசங்கர், பெரும்பகுதியை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து முடித்தாராம்.

சோகம் ராகத்துக்குள்ளேயே இருக்கிறது என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். நம்மூரில் ஒருவன் புலம்பினால் "முகாரி பாடாதே" என்போம். தியாகராஜரோ அதே முகாரியில் 'எந்தனினே' என்று சபரியின் பாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார், அதில் ஒப்பாரி எங்கே இருக்கிறது? அந்தச் சேலையை எடுத்துவிட்டு வாத்தியத்தை மட்டும் போட்டுக் கேளுங்கள், நன்றாக இருக்கும், ஆனால் இப்படி உடைக்காது.

கேள்வி: பிரிமோ லெவியின் ஆஷ்விட்ஸ் நினைவுகளைப் படித்தேன். வாசகர் வட்டத்தில் எல்லாரும் அழுததாகச் சொன்னார்கள், எனக்குக் கண் கலங்கவேயில்லை. நான் கல்நெஞ்சக்காரனா? (சேலம் வாசகர்)

பதில்: லெவி உங்களை அழவைக்க எழுதவில்லை. இத்தாலியின் டூரின் நகரத்து வேதியியலாளர் அவர், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து பிழைத்து வந்த யூதர். சாட்சி சொல்கிறவன் நிதானமாகப் பேசினால்தான் நீதிபதி நம்புவார் என்று தெரிந்தே குரலை அடக்கி எழுதினார். பெரிய பதிப்பகம் திருப்பி அனுப்ப, 1947-இல் ஒரு சிறிய பதிப்பகம் 2,500 பிரதிகள் போட்டது. அவ்வளவாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1958-இல், முதலில் மறுத்த அதே எய்னவ்டி நிறுவனம் மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் படித்தது.

முதல் அத்தியாயத்தை இன்னொரு தடவை புரட்டுங்கள். 1944 பிப்ரவரி, இத்தாலியில் யூதர்களை அடைத்துவைத்திருந்த ஃபொசோலி முகாம். விடிந்தால் பயணம், எந்த ஊருக்கு என்று தெரியாது, ஆனால் போவது சாவுக்கு என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். ராத்திரி சிலர் குடிக்கிறார்கள், சிலர் பிரார்த்தனை செய்கிறார்கள். தாய்மார்கள் வழிக்குச் சாப்பாடு செய்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, துணி துவைக்கிறார்கள். காலையில் பார்த்தால் முள்கம்பி வேலி நெடுகக் குட்டிக் குட்டித் துணிகள் காய்கின்றன. இதைச் சொல்லிவிட்டு, நாளைக்கு உங்களையும் பிள்ளையையும் கொல்லப்போகிறார்கள் என்றால் இன்றைக்குச் சோறு போடமாட்டீர்களா என்று நம்மையே பார்த்துக் கேட்கிறார் மனுஷன். இந்த இடத்தைத் தாண்டும்போது நீங்கள் புத்தகத்தை ஒரு நிமிஷம் மூடி வைத்தீர்களா? வைத்தீர்கள் என்றால் வட்டத்தில் அழுதவர்களுக்கு நீங்கள் ஒன்றும் குறைந்தவர் இல்லை. வைக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, புத்தகம் எங்கேயும் ஓடிவிடாது.

கேள்வி: ரீல்ஸில் தெருநாய் வீடியோ வந்தாலே அழுதுவிடுகிறேன். வயலின் வேறு போட்டுவிடுகிறார்கள். இதையும் மேலே உள்ளவற்றோடு சேர்க்கலாமா? (சென்னை வாசகி)

பதில்: வெங்காயம் நறுக்கினால்கூடத்தான் கண்ணீர் வரும். ஒன்று செய்யுங்கள், சத்தத்தை அடைத்துவிட்டு அதே வீடியோவை மறுபடி ஓடவிடுங்கள். பாதிக்குப் பாதி வீடியோக்களில் அந்த நாய் வயிறு நிறையத் தின்றுவிட்டுச் சும்மா படுத்திருக்கும்.