காமிக்ஸ் எடிட்டருக்கு அப்படி என்னதான் வேலை?

"கதை எழுத ஒருவர் இருக்கிறார், படம் வரைய ஒருவர் இருக்கிறார். நடுவில் எடிட்டர் எதற்கு? எழுத்துப்பிழை பார்க்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுத்துப்பிழையும் பார்ப்பார். அது கடைசி நாள் வேலை.

நான் சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்தின் காமிக்ஸ் பிரிவில் மூன்று வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். எல்லாமே வெளிநாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்பு. சேர்ந்த அன்று ஆசிரியர் ஒரு ஜெராக்ஸ் பக்கத்தை நீட்டினார். வசன பலூன்கள் அத்தனையிலும் வெள்ளை மை தடவி எழுத்தை மறைத்திருந்தார். "தம்பி, எதை முதல்ல படிக்கணும், எதை அடுத்துப் படிக்கணும்னு நம்பர் போடுங்க." ஏழு பலூன். நாலாவதையும் ஐந்தாவதையும் மாற்றிப் போட்டுவிட்டேன். திட்டவில்லை. "வாசகரும் இங்கேதான் தடுமாறுவார். அந்த பலூனைக் கொஞ்சம் மேலே ஏத்தணும்" என்று குறித்துக்கொண்டார். பரீட்சை எனக்கா, பக்கத்துக்கா என்று அன்று புரியவில்லை.

போகப்போகப் புரிந்தது. காமிக்ஸில் தப்பு பிடிப்பது பெரிய விஷயமில்லை. எந்தக் கட்டத்தில் பிடிக்கிறோம் என்பதுதான் விஷயம். ஒரு அமெரிக்க மாத இதழை எடுத்துக்கொள்ளுங்கள். கதை மட்டும் 20 பக்கத்தை ஒட்டி வரும். ஓவியர் ஒரு நாளில் ஒரு பக்கம் பென்சிலில் முடித்தாலே நல்ல வேகம். அதன்மேல் மை தீட்ட ஒருவர், வண்ணத்துக்கு ஒருவர், எழுத்து பதிக்க ஒருவர். "கீழே நின்றவன் எப்படி மூன்றாவது மாடிக்கு வந்தான்?" என்று எழுத்துப்பிரதியிலேயே கேட்டுவிட்டால் ஒரு வரியில் சரியாகிவிடும். பென்சில் முடிந்த பிறகு கேட்டால் ஓவியரின் ஒரு நாள் போச்சு. மை தீட்டிய பிறகு கேட்டால் சண்டை. அச்சான பிறகு வாசகர் கேட்பார். இதற்கு நடுவில் ஓவியருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று, எந்த மாதத்திலும் போடக்கூடிய கதை ஒன்றை மேஜை டிராயரில் தயாராக வைத்திருப்பதும் எடிட்டர் வேலைதான்.

தப்பு மலிவாக இருக்கும்போதே அதைப் பிடிக்க ஜப்பானியர்கள் ஒரு கட்டத்தையே வைத்திருக்கிறார்கள். அதற்கு 'நேம்' என்று பேர். முழு அத்தியாயத்தையும் கரடுமுரடான படங்களாக, வசனத்தோடு, பேனல் பேனலாகப் பிரித்துக் காட்டும் முன்வரைவு. ஒவ்வொரு ஓவியருக்கும் ஒரு பொறுப்பாசிரியர் உண்டு. அவர் தலையாட்டிய பிறகுதான் நல்ல தாளில் பேனா வைக்க வேண்டும். 'டிராகன் பால்' (Dragon Ball) என்ற ஜப்பானிய காமிக்ஸை வரைந்த அகிரா தோரியாமா புதுமுகமாக இருந்தபோது அவருக்கு வாய்த்த பொறுப்பாசிரியர் கசுஹிகோ தோரிஷிமா. கொண்டுவந்ததையெல்லாம் திருப்பி அனுப்பியே பேர் வாங்கியவர். தோரியாமா சும்மா இருக்கவில்லை. 1980இல் தொடங்கிய 'டாக்டர் ஸ்லம்ப்' தொடரில், மாஷிரிதோ என்ற வில்லனுக்கு எடிட்டரின் சாயலையே கொடுத்துவிட்டார். தோ-ரி-ஷி-மா என்பதைக் கடைசியிலிருந்து படித்துப் பாருங்கள். அந்த வில்லனின் பக்கங்களும் அதே எடிட்டர் கையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போயின என்பதைச் சேர்த்து யோசித்தால் அந்த மனிதர்மேல் ஒரு மரியாதை வருகிறது.

அவர்கள் வேலை செய்த ஷோனென் ஜம்ப் வார இதழில் வாசகர்கள் அஞ்சலட்டையில் தங்களுக்குப் பிடித்த தொடர்களைக் குறித்து அனுப்புவார்கள். வாக்கு குறைந்துகொண்டே போனால் தொடரை முடித்துவிடுவார்கள். அந்தச் செய்தியை ஓவியரிடம் நேரில் சொல்ல வேண்டியவரும் எடிட்டர்தான். எனக்கு அந்த நிலைமை வரவில்லை, தப்பித்தேன்.

அமெரிக்காவில் மார்வெல் காமிக்ஸின் ஸ்டான் லீ இதற்கு நேர் எதிரான ஆள். எழுத்தாளரும் அவரே, எடிட்டரும் அவரே. கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிடுவார், ஓவியர் பக்கங்களை வரைந்து வருவார், கடைசியில் லீ வசனம் எழுதுவார். வேகமான முறை. ஆனால் எழுதியவரே எடிட்டராக இருந்தால் அவரைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? 1963இல் வந்த 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' முதல் இதழிலேயே கதாநாயகன் பீட்டர் பார்க்கர் ஓரிடத்தில் பீட்டர் பாமர் ஆகிவிட்டார். அடுத்த வருடம் ஹல்க்காக மாறும் புரூஸ் பேனர், பாப் பேனர் ஆனார். அதை மறைக்க வழியில்லாமல், அவருடைய முழுப்பெயரே ராபர்ட் புரூஸ் பேனர்தான் என்று அறிவித்துவிட்டார்கள். ஹல்க்கின் கதை இன்னும் வேடிக்கை. 1962இல் முதல் இதழில் அவர் சாம்பல் நிறம். அந்தக்கால அச்சில் சாம்பல் நிறம் எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி விழவில்லை, பக்கத்துக்குப் பக்கம் மாறியது. இரண்டாவது இதழில் பச்சை ஆக்கினார்கள். இன்று பொம்மைக் கடையில் தொங்கும் அந்தப் பச்சை, அச்சுச் சிக்கலால் எடுத்த முடிவு.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ் காமிக்ஸில் பெரும்பகுதி மொழிபெயர்ப்புதான். படம் ஏற்கெனவே முடிந்து வந்துவிடும், தொட முடியாது. நம் கையில் இருப்பது பலூனுக்குள் இருக்கும் காலியிடம் மட்டும். அங்கேதான் பாதி வாழ்க்கை போகும்.

ஆங்கில காமிக்ஸில் பெரும்பாலும் எல்லாமே கேப்பிடல் எழுத்து. மேலே கொம்பு கிடையாது, கீழே வால் கிடையாது. வரிகளை ஒட்டி அடுக்கலாம். நமக்கு 'கீ' மேலே சுழிக்கும், 'பூ' கீழே இறங்கும். இடைவெளி விட்டே ஆக வேண்டும். போதாததற்கு நம் சொற்கள் ரயில்பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு வரும். 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' என்பது ஒரே சொல். ஒல்லியான பலூனில் அதை மூன்றாக உடைத்தால், பேசுகிறவனுக்கு விக்கல் வந்த மாதிரி இருக்கும். அதனால் 'போகிறார்கள்', அதுவும் நுழையாவிட்டால் 'போறாங்க'. தமிழ் காமிக்ஸின் வசன நடையை ஆராய்கிறவர்கள் பலூனின் அகலத்தையும் ஒருமுறை அளந்து பார்க்கலாம்.

சத்தங்கள் தனித் தலைவலி. வெடிச்சத்தம் படத்தோடு படமாக வரையப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு 'டுமீல்' போட வேண்டுமானால் பின்னால் மறைந்திருக்கும் சுவரை நாம் வரைய வேண்டும், உரிமைதாரரின் சம்மதமும் வேண்டும். பல நேரம் அப்படியே விட்டுவிடுவோம். 'தொபுக்கடீர்' போட ஒரு வாய்ப்பு கிடைத்தால் அன்றைக்கு, கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி அக்காவுக்கும் எனக்கும் கொண்டாட்டம்.

அப்புறம் பேர் வைக்கும் வேலை. பிரெஞ்சில் புளூபெர்ரி என்ற பேரில் வந்த கௌபாய் தமிழில் கேப்டன் டைகர். பழத்தின் பேரை வைத்துக்கொண்டு ஒருவன் நம் வாசகர் முன்னால் துப்பாக்கியைத் தூக்க முடியுமா? வைத்தவர்கள் விவரமானவர்கள். இன்று பழைய பேருக்குத் திரும்பினால் வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள்.

பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று அச்சாவதால், கதை முடிந்து நாலு பக்கம் மிஞ்சினால் அதை வாசகர் கடிதம், அடுத்த இதழ் விளம்பரம் என்று நிரப்புவதும் எங்கள் வேலை. ஒப்பந்தம், காகித விலை, பைண்டிங் பற்றியெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் நீளும்.

நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அச்சுக்குப் போகும் முந்தைய இரவு, பதினோரு மணி இருக்கும். கடைசித் திருத்தத்தில் ஒரு பக்கத்தின் இரண்டு பலூன்களில் வசனம் இடம் மாறிவிட்டது. நான் புரூஃப் பார்த்தேன். ஒற்று முதல் ஆச்சரியக்குறி வரை எல்லாம் சரியாக இருந்ததால் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். புத்தகம் வந்தது. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் கொள்ளைக்காரன், "மரியாதையாகச் சரணடைந்துவிடு!" என்கிறான். எதிரில் துப்பாக்கியோடு நிற்கும் ஷெரீஃப், "ஐயோ, சுட்டுவிடாதே!" என்கிறார்.

இரண்டு வாரத்தில் ஒரு வாசகரின் அஞ்சலட்டை வந்தது. "துப்பாக்கியில் குண்டு இல்லையா சார்?" என்று ஒரே ஒரு வரி. இப்படித் தப்பைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு சமாதானமும் சொல்லும் வாசகர்களுக்கு மார்வெல் நிறுவனம் ஒருகாலத்தில் 'நோ-பிரைஸ்' என்று வெற்று உறையை அனுப்பி வந்தது. எங்கள் ஆசிரியர் அந்த வாசகருக்கு அடுத்த இதழை இலவசமாக அனுப்பினார். அஞ்சலட்டையை என் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு புரூஃபை இரண்டு தடவை பார்ப்பேன். முதல் தடவை எழுத்துக்கு. இரண்டாவது தடவை எதையும் படிக்காமல், ஒவ்வொரு பலூனின் வாலும் யார் வாயை நோக்கிப் போகிறது, அவன் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும்.