வாசகர் கேள்வி – பதில்: அணுகுண்டுக்கும் நிற்காதது பொக்லைனுக்கு நிற்கலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியபோது கேபிள் அறுந்து, இரண்டு நாட்கள் வீட்டில் இணையம் இல்லை, கைப்பேசியில் மட்டும் இருந்தது. அணுகுண்டு போட்டாலும் நிற்காதபடி அமைக்கப்பட்டது இணையம் என்கிறார்கள். ஒரு பொக்லைனுக்கே நின்றுவிட்டதே?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அணுகுண்டுக் கதை பாதிதான் உண்மை. போரில் பல நிலையங்கள் அழிந்தாலும் மிச்சமிருப்பவை தொடர்ந்து பேசிக்கொள்ளக்கூடிய வலையமைப்பை அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பால் பாரன் 1960-களின் தொடக்கத்தில் வகுத்துக் காட்டினார் என்பது சரி. ஆனால் இணையத்தின் முன்னோடியாக 1969-இல் இயங்கத் தொடங்கிய அர்பாநெட், வெவ்வேறு ஊர்களில் இருந்த விலையுயர்ந்த கணினிகளை ஆய்வாளர்கள் பகிர்ந்து பயன்படுத்துவதற்காகவே அமைக்கப்பட்டது.

நீங்கள் அனுப்பும் எதுவும், பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மிகாத பாக்கெட்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் எழுதப்பட்டே புறப்படுகிறது. வழியிலுள்ள ரவுட்டர் எதற்கும் முழுப் பாதையும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இந்த முகவரிக்கு அடுத்து எந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும் என்பது மட்டும் அதன் அட்டவணையில் இருக்கும். 'இன்னின்ன முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்' என்று நெட்வொர்க்குகள் பிஜிபி என்னும் நெறிமுறைப்படி ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்வதைக் கொண்டே அந்த அட்டவணை உருவாகிறது. ஒரு வழி அடைபட்டால் அதற்குரிய அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டு, வேறொரு வழி அதன் இடத்துக்கு வருகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் ஒன்றுக்கு மேற்பட்ட கேபிள்கள் செல்வதால், அவற்றில் ஒன்று அறுந்தால் வேகம் குறையுமே தவிர ஊர் துண்டிக்கப்பட்டுவிடாது.

இந்தச் சாமர்த்தியமெல்லாம் மாற்றுவழி இருக்கும் இடத்தில்தான் பலிக்கும். தெருமுனைக் கம்பத்துப் பெட்டியிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவது ஒரே ஒரு ஃபைபர் இழை. அது அறுந்தால் திருப்பிவிட வேறு வழி கிடையாது. கைப்பேசிக் கோபுரத்துக்கு வேறு பக்கத்திலிருந்து கேபிளோ மைக்ரோவேவ் இணைப்போ இருந்திருக்க வேண்டும். அதனால் அது தப்பியது. ராயபுரம், மண்ணடிப் பக்கத்துச் சரக்கு முகவர் அலுவலகங்கள் சில, இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பதுண்டு. இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் கிடந்தால், அது இரண்டு பில்லே தவிர இரண்டு வழியல்ல. கேபிள் எந்தத் தெரு வழியாக வந்து எந்தக் கம்பத்தில் ஏறுகிறது என்று இணைப்புக் கொடுக்க வருபவரிடம் அன்றே கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: துண்டு துண்டாகப் போவதில் சில தொலைந்துபோகும் என்கிறார்கள். அப்படியானால் அனுப்பிய படம் முழுதாகப் போய்ச் சேர்வதும், வீடியோ காலில் மட்டும் முகம் கட்டம் கட்டமாக உடைவதும் ஏன்?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: ஒரு பாக்கெட்டைக் கட்டாயம் கொண்டுசேர்ப்பதாக நெட்வொர்க் வாக்குக் கொடுப்பதே இல்லை, அந்தப் பொறுப்பு இரு முனைகளிலும் உள்ள கருவிகளுடையது. அமெரிக்கக் கணினி அறிவியலாளர்கள் வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த டிசிபி முறையில், தரவுக்கு வரிசை எண் உண்டு. வந்து சேர்ந்ததற்கு மறுமுனை ஒப்புகை அனுப்ப வேண்டும். ஒப்புகை வராததை அனுப்பிய கருவி மீண்டும் அனுப்பும். அதனால் படம் சற்றுத் தாமதித்தாலும் முழுதாக வருகிறது. பேச்சிலோ, சற்று முன் தொலைந்த சொல்லை இப்போது திரும்ப அனுப்பிப் பயனில்லை. ஆகவே வீடியோ கால்கள் பெரும்பாலும் யுடிபி முறையில், தொலைந்ததை விட்டுவிட்டு மேலே செல்கின்றன.

தொலைவது எப்போதும் பழுதும் அல்ல. ரவுட்டரில் பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம் நிரம்பினால், மிஞ்சியவற்றை அது விட்டெறிந்துவிடும். 1986 அக்டோபரில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் சில நூறு மீட்டர் தள்ளியிருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே, நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. நெரிசலில் தொலைந்ததைக் கணினிகள் விடாமல் மறுபடி மறுபடி அனுப்பி, நெரிசலைப் பெருக்கிக்கொண்டே போயின. அந்த ஆய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேகப்சன் தந்த தீர்வில், பாக்கெட் தொலைவதையே நெரிசலின் அடையாளமாகக் கொண்டு, அனுப்பும் கருவி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால், இணையத்தைக் காப்பாற்றியதில் புதிய கேபிள்களைவிட இந்தத் தன்னடக்கத்துக்கே பங்கு அதிகம்.

கேள்வி: எந்தக் கேபிளும் அறாமலேயே 2021-இல் வாட்ஸ்அப் உலகம் முழுவதும் நின்றது எப்படி?
– வாசகர், எண்ணூர்

பதில்: 2021 அக்டோபர் 4 அன்று, பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட தவறான கட்டளை ஒன்று, வாட்ஸ்அப்பை நடத்தும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்பை முடக்கியது, அதைத் தொடர்ந்து, இணையப் பெயருக்கு உரிய எண் முகவரியைச் சொல்லும் அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்கான பிஜிபி அறிவிப்புகள் தாமாகவே திரும்பப் பெறப்பட்டன. சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தும் அவற்றுக்குப் போகும் வழி யாருடைய அட்டவணையிலும் இல்லை. தொலைவிலிருந்து சரிசெய்யும் வசதியும் அதே நெட்வொர்க்கைச் சார்ந்திருந்ததால், பலத்த காவலுள்ள தரவு மையங்களுக்குப் பொறியாளர்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று; சேவை திரும்ப ஏறத்தாழ 6 மணி நேரம் ஆனது.